அறக் கேள்வி வேறு பெயரில் வரும்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில் டென்னிஸ் ஜியோயா என்ற இளைஞர் பணியாற்றினார். விற்ற கார்களில் கோளாறு தெரிந்தால் அவற்றைத் திரும்பப் பெற வேண்டுமா என்று ஆராய்வது அவருடைய வேலை. படிக்கும் காலத்தில் பெருநிறுவனங்களின் போக்கைக் கடுமையாகச் சாடியவர். உள்ளே போனால்தான் எதையாவது மாற்ற முடியும் என்று நம்பி வேலையில் சேர்ந்தவர். பின்னாலிருந்து இன்னொரு வண்டி அதிக வேகமின்றி மோதினாலும் ஃபோர்டின் சிறிய காரான பிண்டோ தீப்பிடிக்கிறது என்ற தகவல்கள் அவரது மேசைக்கே வந்தன. எரிந்துபோன ஒரு பிண்டோவை அவர் நேரில் பார்த்தார். விவகாரத்தைக் குழுவின் முன் வைத்தார். திரும்பப் பெறத் தேவையில்லை என்று குழு முடிவெடுத்தது; அவரும் அப்படியே வாக்களித்தார். அவர் வேலையை விட்டு விலகிய பிறகு, 1978இல், சுமார் 15 லட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டன.

பின்னாளில் நிர்வாகவியல் பேராசிரியரான ஜியோயா, தன் முடிவைத் தானே ஆராய்ந்து 1992இல் ஒரு கட்டுரை எழுதினார். பணியிட அறம் பற்றிப் பேசுகிற எவரும் அதைக் கடந்து போக முடியாது. பேராசையையோ பயத்தையோ அவர் காரணமாகச் சொல்லவில்லை. நாள்தோறும் வந்து குவியும் புகார்களைப் பிரித்துப் பார்க்க அவருக்கு இரண்டு அளவுகோல்கள் இருந்தன: இந்தக் கோளாறு அடிக்கடி நேர்கிறதா? இதற்குத் தெளிவான ஒரு காரணத்தைச் சுட்ட முடிகிறதா? பிண்டோ பற்றிய தகவல்கள் இரண்டிலுமே தேறவில்லை. கோப்பு ஓரமாகப் போனது. இது அறம் சார்ந்த முடிவு என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. அவரே ஒரு பிண்டோ வைத்திருந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால் இது சாக்குப்போக்காகத் தெரியாது.

பிண்டோ என்றதும் பலர் சொல்லும் கதை வேறு. ஓர் உயிருக்கு ஏறக்குறைய 2 லட்சம் டாலர், ஒரு காரைச் சரிசெய்ய 11 டாலர் என்று கணக்குப் போட்டு, சாகட்டும் என்று விட்டுவிட்டார்கள் என்பது அந்தக் கதை. அப்படி ஓர் ஆவணம் இருந்தது உண்மை. ஆனால் அது கார் உருண்டு கவிழும்போது எரிபொருள் கசிவதைப் பற்றியது. அரசின் ஒழுங்குமுறை அமைப்புக்குக் கொடுப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. உயிருக்கான அந்தத் தொகையும் அந்த அமைப்பு வகுத்திருந்ததுதான். கொடியவர்கள் சிலர் அறைக்குள் உட்கார்ந்து மரணத்துக்கு விலை வைத்தார்கள் என்ற கதை நமக்கு வசதியாக இருக்கிறது. அந்த அறையில் நாம் இருந்திருக்க மாட்டோம் என்று நம்ப அது இடம் தருகிறது. ஜியோயாவின் கதை அந்த வசதியைத் தருவதில்லை. அவருடைய நாற்காலியில் நம்மில் பெரும்பாலோர் பொருந்திவிடுவோம்.

வேலையிடத்தில் அறக் கேள்வி அந்தப் பெயரோடு வருவது அபூர்வம் என்பதே இங்கே நான் சொல்ல விரும்புவது. அது காலக்கெடுவாக வரும், விற்பனை இலக்காக வரும், படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டமாக வரும். பார்ப்பவருக்கு அது வழக்கமான வேலையாகவே படும். ஆராய்ச்சியாளர்கள் இதை அற மங்கல் என்கிறார்கள்: முடிவின் மற்ற பக்கங்கள் பளிச்சென்று தெரியத் தெரிய, அதன் அறப் பக்கம் கண்ணிலிருந்து மங்கிவிடுகிறது. நல்லவராக இருக்க வேண்டும் என்று ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் வகுப்பெடுப்பதால் பெரிய பயன் விளையாததற்கு இதுவே காரணம் என்பேன். வகுப்பில் கேள்வி ‘இது அறம் பற்றியது’ என்ற அறிவிப்போடு வருகிறது. மறுநாள் காலை மின்னஞ்சலில் அப்படி வருவதில்லை.

அவசரம் இந்த மங்கலை எவ்வளவு எளிதாகக் கூட்டிவிடுகிறது என்பதற்கு 1973இல் வெளியான ஒரு சோதனை சான்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். வழியில் ஒருவர் இருமியபடி சுருண்டு கிடந்தார். நேரம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் நின்றவர்கள் 10 சதவீதம். மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதை. தலைப்பு பெரிதாக எதையும் மாற்றவில்லை, நேரம் மாற்றியது. காலாண்டு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கணக்குப் பிரிவில் எடுக்கப்படும் முடிவுகளை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

சில நேரம் கேள்வி கண்ணுக்குத் தெரிகிறது, உரக்கவும் கேட்கப்படுகிறது. அப்போது வேறொன்று நடக்கிறது. 1986 ஜனவரி 27 இரவு, நாசாவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு. அதன் ராக்கெட் பூஸ்டர்களைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் பூஸ்டர் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் விறைத்துப் போய் வாயுக்கசிவைத் தடுக்காமல் விட்டுவிடலாம் என்று அஞ்சினார்கள். வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் போஜொலி முந்தைய ஜூலையிலேயே இதை எழுத்தில் எச்சரித்திருந்தார். நாசா தரப்பில் அதிருப்தி தெரிந்ததும் நிறுவனம் தனியாகப் பேசச் சில நிமிடங்கள் கேட்டது. அரை மணி நேரம் கழித்து முடிவு தலைகீழாகியிருந்தது. பொறியியல் பிரிவின் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போடுங்கள் என்று மேலதிகாரி சொன்னது விசாரணைப் பதிவுகளில் இருக்கிறது. மறுநாள், கிளம்பிய 73 நொடிகளில் கலம் சிதைந்தது. கலத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

தொப்பி பற்றிய அந்த வாக்கியம் புகழ்பெற்றுவிட்டது. ஆனால் அந்த இரவில் அதைவிட முக்கியமான ஒன்று நடந்தது. வழக்கமாக, ஏவுவது பாதுகாப்பானது என்று பொறியாளர்கள் நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் கலம் கிளம்பாது. அன்று, பாதுகாப்பற்றது என்று நிறுவுங்கள் என்று அவர்கள் கேட்கப்பட்டார்கள். கையில் இருந்த தரவு எதையும் முழுமையாக நிறுவப் போதாது. மெய்ப்பிக்கும் சுமை எந்தத் தோளில் இருக்கிறது என்பதிலேயே முடிவு அடங்கிவிட்டது, அதை மாற்றியதாக யாரும் அறிவிக்கவும் இல்லை. இதை அலுவலகக் கூட்டங்களில் கவனித்துப் பாருங்கள். ‘இந்த மருந்து தீங்கு செய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?’, ‘வாடிக்கையாளர் ஏமாந்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்ற குரல் எழும்போது, சுமை ஏற்கெனவே இடம் மாறியிருக்கிறது. தயங்குகிறவர் அதற்குப் பதில் தேடி ஓடுவதற்கு முன், சுமை ஏன் என்னிடம் வந்தது என்று கேட்கலாம். அதற்கு வீரம் தேவையில்லை. அது முற்றிலும் தொழில் சார்ந்த கேள்வி.

அன்று ஏவுதளத்தில் நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த ஆலன் மெக்டொனால்ட், ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தார். அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்டார். கையெழுத்து என்பது பெரும்பாலான அலுவலகங்களில் சடங்காகிவிட்டது. அன்று அந்தச் சடங்குதான் ஒரு மனிதருக்கு ‘இல்லை’ என்று சொல்ல இடம் கொடுத்தது.

கணக்கு உலகத்தில் தவறு இப்படி ஒரே இரவில் நடப்பதில்லை. வேர்ல்டுகாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2000ஆம் ஆண்டு இறுதியில், நடுத்தர நிலையில் இருந்த ஒரு கணக்கு அதிகாரியிடம் சுமார் 82.8 கோடி டாலர் செலவைக் கணக்கில் குறைத்துக் காட்டும்படி சொன்னார்கள். அவர் அதிர்ந்துபோனார்; இந்த ஒரு முறைதான் என்ற உறுதிமொழியின் பேரில் செய்து கொடுத்தார். பிறகு வேலையை விட்டுவிடலாம் என்று அவரும் சக ஊழியர் ஒருவரும் யோசித்தார்கள். தலைமை நிதி அதிகாரி அவர்களை அழைத்துப் பேசினார்: நிறுவனத்தை ஒரு விமானந்தாங்கிக் கப்பலாக நினைத்துக்கொள்ளுங்கள், விமானங்கள் வானில் இருக்கின்றன, அவை இறங்கட்டும், பிறகு போக வேண்டுமென்றால் போங்கள் என்றார். விமானங்கள் இறங்கவே இல்லை. அடுத்த காலாண்டிலும், அதற்கடுத்த காலாண்டிலும் அதே வேலை. உள்தணிக்கைப் பிரிவின் தலைவர் சிந்தியா கூப்பரும் அவரது குழுவும், ஆட்கள் கிளம்பிய பிறகு இரவுகளில் பதிவேடுகளைத் துருவி, 2002இல் மோசடியை வெளிக்கொண்டு வந்தார்கள். மொத்தம் சுமார் 1,100 கோடி டாலர். அந்தக் கணக்கு அதிகாரி ஐந்து மாதம் சிறையில் இருந்தார்.

அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று: முதல் முறை மறுத்திருந்தால் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். இரண்டாம் முறை மறுக்க அவர் முதல் முறை செய்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் முறை இன்னும் கனம். மறுப்பதற்கான விலை நாளாக நாளாக ஏறிக்கொண்டே போகிறது. செய்வதற்கான கூச்சம் குறைந்துகொண்டே வருகிறது. ‘இந்த ஒரு முறை’ என்ற சொல் காதில் விழும் தருணமே, மறுப்பு மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் தருணம். அதற்குமேல் அது மலிவாகப் போவதில்லை. தொகை சிறியதாக இருக்கும்போதுதான் இதைப் பழக வேண்டும்: முன்தேதி போட்ட சோதனை அறிக்கை, நடக்காத பயணத்துக்கான செலவுச் சீட்டு, அடுத்த மாத விற்பனையை இந்த மாதத்தில் ஏற்றும் ஒரு வரி.

தனிமனிதர்களின் மன உறுதியை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நிறுவனங்கள் தப்பித்துக்கொள்ளும். வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பது முழக்கமாக இருந்தது. கிளைகளுக்கு அன்றாட இலக்கு, எட்டாதவர்களுக்கு நெருக்கடி. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் விவகாரம் வெடித்தபோது வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. சுமார் 5,300 ஊழியர்களை ஏற்கெனவே பணிநீக்கம் செய்துவிட்டதாகச் சொன்னது. போலியாக இருக்கக்கூடிய கணக்குகளின் எண்ணிக்கை பின்னர் 35 லட்சமாக மதிப்பிடப்பட்டது; 2020இல் மேலும் 300 கோடி டாலர் கட்டி அரசோடு சமரசம் செய்துகொண்டது. ஐயாயிரம் பேரும் இயல்பிலேயே நேர்மையற்றவர்கள், ஒரே வங்கியில் தற்செயலாக வந்து சேர்ந்தார்கள் என்று நம்ப முடியுமா? அடைய முடியாத இலக்கை வகுத்து, அது எப்படி அடையப்படுகிறது என்று கேட்காமல் இருப்பதும் ஓர் அற முடிவுதான். அதை எடுத்தவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். தண்டனை முதலில் கீழ்த்தளத்துக்குப் போனது.

சரி, கேள்வியைக் கண்டுகொண்டோம், நேரமும் இருக்கிறது. எப்படித்தான் முடிவெடுப்பது? தத்துவம் மூன்று பழைய வழிகளைத் தருகிறது. விளைவைப் பார்; கடமையைப் பார்; இதைச் செய்தால் நீ எப்படிப்பட்ட மனிதனாவாய் என்று பார். மூன்றையும் கேட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஒவ்வொன்றும் மற்றது காணாததைக் காட்டும். நாளை இது நாளிதழில் வந்தால் கூச்சமாக இருக்குமா என்று கேட்டுக்கொள்ளச் சொல்வதும் உண்டு. அவசரத்துக்கு அது உதவும்; ஆனால் அகப்படாமல் இருப்பதை நேர்மையோடு குழப்பிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. சரியான செயலும் நாளிதழில் மோசமாகத் தெரியலாம்.

உண்மையில் கடினமானவை, இரண்டு பக்கமும் நியாயம் இருப்பவை. ஒரு மேலாளருக்கு அடுத்த மாத ஆட்குறைப்புப் பட்டியல் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பட்டியலில் உள்ள ஒருவர் வந்து, இந்த வாரம் வீட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறேன் என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். சொன்னால் வாக்கு உடையும். பட்டியலில் உள்ள மற்றவர்களுக்குக் கிடைக்காத சலுகை ஒருவருக்கு மட்டும் கிடைக்கும். சொல்லாவிட்டால் நம்பிப் பேசிய ஒரு மனிதர் தன் குடும்பத்தை இருபது ஆண்டுக் கடனில் மாட்டிவிடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சூசகமாகக் கோடி காட்டலாம் என்பார்கள். அதுவும் வாக்கை மீறுவதுதான், கூடவே மீறவில்லை என்று பாசாங்கு செய்வதும் சேர்கிறது.

என் முடிவு இது: மேலாளர் அன்றே தன் மேலதிகாரியிடமும் மனிதவளப் பிரிவிடமும் போக வேண்டும். இந்த ரகசியம் யாரைக் காக்கிறது, ஒரு மாதம் ஏன், அறிவிப்பை முன்னே கொண்டுவரலாமா, இவருக்கு மட்டுமாவது இன்று சொல்ல அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு கதவுகள்தான் இருப்பதாக நினைத்துத் தவிக்கிறோம்; மேலே போய் விதியையே மாற்றச் சொல்லும் மூன்றாவது கதவை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. அனுமதி மறுக்கப்பட்டால்? அப்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் மட்டும் சொல்லக்கூடாது. ‘கம்பெனி நன்றாகத்தானே போகிறது, தைரியமாக வாங்குங்கள்’ என்ற ஒரு வாக்கியம், மௌனத்தைவிடப் பல மடங்கு பெரிய தீங்கு. இன்னொன்றும் உண்டு. இந்தச் சிக்கல் அவர் வந்து பேசிய அன்று பிறந்ததல்ல. எவ்வளவு காலம், யாருக்காக என்று கேட்காமல் ரகசியத்தை ஏற்றுக்கொண்ட அன்றே மேலாளர் பாதி முடிவை எடுத்துவிட்டார்.

முன்கூட்டியே யோசித்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் உதாரணம். 1982 இலையுதிர் காலத்தில் சிகாகோ பகுதியில் யாரோ அந்த நிறுவனத்தின் ‘டைலனால்’ என்ற வலிநிவாரணி மாத்திரைப் புட்டிகளில் சயனைடு கலந்துவிட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். நிறுவனம் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. செலவு 10 கோடி டாலரைத் தொட்டது. இதை அன்றைய தலைவர் ஜேம்ஸ் பர்க்கின் துணிச்சலாகவே பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் நடத்திய கூட்டங்கள். வாடிக்கையாளருக்கே முதல் பொறுப்பு என்று சொல்லும் 1943ஆம் ஆண்டின் நிறுவனக் கொள்கை அறிக்கை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை நம்புகிறோமா, இல்லையென்றால் கழற்றிவிடலாமா என்று மூத்த மேலாளர்களை அவர் வாதாட வைத்தார். நெருக்கடி வந்தபோது அந்த வாதம் ஏற்கெனவே முடிந்திருந்தது. பின்னாளில் இதே நிறுவனம் குழந்தைகளுக்கான பவுடர் தொடர்பாகவும் ஓப்பியாய்டு என்ற அபின் வகை வலிநிவாரணிகள் தொடர்பாகவும் ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது. ஒரு தலைமுறை வாதாடி அடைந்த தெளிவு அடுத்த தலைமுறைக்குத் தானாக வந்து சேர்வதில்லை.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் வேறு பக்கம் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகள் காட்டின. எந்தக் கோடு எதற்குச் சமம் என்ற மிக எளிய கேள்விக்குச் சுற்றியிருப்பவர்கள் ஒருமித்துத் தவறான பதில் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு முறைகளில் தாங்களும் அதையே சொன்னார்கள். ஒரே ஒரு கூட்டாளி சரியான பதிலைச் சொன்னதும் இந்த அடிபணிதல் ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கியது. எனவே கூட்டத்துக்குப் போவதற்கு முன் சக ஊழியர் ஒருவரிடமாவது பேசிவிடுவது, எத்தனையோ அறப் பிரசங்கங்களை விடவும் மேல். ‘எனக்கும் அப்படித்தான் பட்டது’ என்ற ஒரு குரல் அறையின் கணக்கை மாற்றிவிடும். தயக்கத்தைக் குற்றச்சாட்டாக வைக்காமல் வேலை சார்ந்த கேள்வியாக வைப்பதும் உதவும்: ‘இந்தப் பதிவுக்கான ஆவணம் எது? தணிக்கையாளர் கேட்டால் எதைக் காட்டுவது?’

உள்ளே பேசியும் பயனில்லை என்றால் வெளியே சொல்வது மிஞ்சுகிறது. அதை எளிதான வழியாக யாருக்கும் காட்டக்கூடாது. சேலஞ்சர் பற்றி எச்சரித்த போஜொலியைச் சக ஊழியர்களே ஒதுக்கினார்கள். அவர் அந்த வேலையில் நீடிக்க முடியவில்லை. வெல்ஸ் ஃபார்கோவில் சந்தேகத்துக்குரிய நடவடிக்கைகளைப் புகார் செய்த ஒரு மேலாளர் 2010இல் வேலையிழந்தார். அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டு சுமார் 54 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் துறை உத்தரவிட்டது 2017இல்தான். ஏழு ஆண்டுகள் எந்த மனிதருக்கும் சிறிய காலம் இல்லை. ஆகவே வெளியே போகும் முன் தேதியிட்ட குறிப்புகள், யாரிடம் எப்போது சொன்னோம் என்ற பதிவு, சட்ட ஆலோசனை ஆகியவை கையில் இருக்க வேண்டும். ரகசிய ஆவணங்களை அள்ளிக்கொண்டு போவது சரியான வழக்கைக்கூடக் கெடுத்துவிடும்.

சட்டங்கள் மெல்ல மெல்ல இப்படி வெளியே சொல்பவர்கள் பக்கம் நகர்ந்திருக்கின்றன. வேர்ல்டுகாம் மோசடிக்கும் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் மோசடிக்கும் பின் 2002இல் அமெரிக்கா இயற்றிய சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் மோசடியைப் புகார் செய்யும் ஊழியர்களைப் பழிவாங்குவதைத் தடை செய்தது. 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி, 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் உள்ளேயே புகார் வழியை அமைக்க வேண்டும் என்கிறது. புகார் கிடைத்ததை 7 நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், என்ன செய்யப்பட்டது என்பதை 3 மாதத்துக்குள் சொல்ல வேண்டும். புகார் செய்தவர் தனக்குத் தீங்கு இழைக்கப்பட்டது என்று காட்டினால், அது பழிவாங்கல் இல்லை என்று மெய்ப்பிப்பது நிறுவனத்தின் சுமை.

இந்த விதிகள் எழுதப்படாத இடத்திலும் ஒரு மேலாளர் அவற்றைத் தன் மேசையில் நடைமுறைப்படுத்தலாம். கெட்ட செய்தியோடு ஒருவர் உள்ளே வரும்போது முதலில் நன்றி சொல்வது, அவர் சொன்னதை அவர் முன்னிலையிலேயே குறித்துக்கொள்வது, எந்தத் தேதிக்குள் பதில் தருவேன் என்று சொல்வது, அந்தத் தேதியில் தானே போய்ப் பதில் சொல்வது. அடுத்த முறை அவர் வருவாரா என்பது இதில்தான் முடிவாகிறது. அவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதைக் கவனித்துக்கொண்டிருக்கும் மற்ற பத்துப் பேர் வருவார்களா என்பதும்.